பால் ஊற நாட்டு மருந்து: எதை முதலில் பார்ப்பது, எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது

பிள்ளை பெற்ற வீட்டில் பால் பத்தவில்லை என்ற பேச்சு எழுந்த அன்றே பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, சதாவரிப் பொடி, லேகியம் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். சிக்கல் பெரும்பாலும் மருந்தில் இல்லை, வரிசையில்தான். கடைசியில் வரவேண்டிய லேகியம் முதலில் வந்துவிடுகிறது. முதலில் பார்க்கவேண்டிய குழந்தையின் எடையைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் மூன்று படிகளிலேயே பலருக்கு மருந்தின் தேவை தீர்ந்துவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா. மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. தாய் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு. இல்லையென்றால் 5 மி.லி. அளவுக் கரண்டி. சிரப் பாட்டிலோடு வரும் கரண்டியே போதும். "சுண்டைக்காய் அளவு", "கொட்டைப்பாக்கு அளவு" என்பது கைக்குக் கை மாறும். மாமியார் எடுக்கும் உருண்டையும் அம்மா எடுக்கும் உருண்டையும் ஒன்றாக இருக்காது. அளவு தெரியாத பொருளால் வயிறு கெட்டால், எதைக் குறைப்பது என்றும் தெரியாது.

குழந்தையின் எடையை ஒரே தராசில், துணியில்லாமல் பார்க்க ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாளன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் ஒரு தராசு, அடுத்த வாரம் வேறொரு தராசு என்று பார்த்தால் 100 கிராம் வித்தியாசம் தராசினுடையதாகவே இருக்கலாம்.

2. பால் குறைவா என்பதைக் குழந்தையிடம் பாருங்கள், மார்பில் அல்ல

மார்பு கல் போல இல்லை, பம்ப் வைத்தால் 20 மி.லி.தான் வருகிறது, குழந்தை சாயங்காலம் முழுக்க அழுகிறது. இந்த மூன்றுமே பால் குறைவுக்குச் சான்று ஆகாது. சில வாரங்களில் சுரப்பு தேவைக்கேற்ப நிலைபெற்றதும் மார்பு மெத்தென்று ஆவது இயல்பு. பம்ப் எடுக்கும் பாலும் குழந்தை உறிஞ்சும் பாலும் ஒரே அளவாக இருக்காது.

நம்பக்கூடிய அளவுகோல்கள் இவை. பிறந்த முதல் நாள் ஒரு முறையாவது, இரண்டாம் நாள் இரண்டு முறையாவது சிறுநீர் என்று கூடி, 5-ஆம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 6 முறைக்குக் குறையாமல் வெளிறிய சிறுநீர் போக வேண்டும். கரும்பச்சை மலம் மாறி, அதே சமயத்தில் மஞ்சள் மலம் நாளுக்கு 3, 4 முறை போக வேண்டும். முதல் சில நாட்களில் எடை குறைவது வழக்கம்தான். ஆனால் பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டி, அதன்பின் முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் பால் போதுமானதே. இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் சுரப்பை ஏற்றினால் பால் கட்டி, மார்பு வீங்கி, காய்ச்சல் வரை போகும்.

சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்க 3, 4 நாள் பிடிக்கலாம். அதுவரை வருகிற சீம்பால் சில கரண்டிதான் இருக்கும். முதல் நாள் குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். இரண்டாம் நாளே "பால் இல்லை" என்று லேகியம் வாங்க ஓடுவதுதான் மிகப் பொதுவான தவறு.

3. முதலில் மார்பைக் காலி செய்யுங்கள்

மார்பில் பால் தேங்கி நின்றால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், காலியானால் கூட்டும். எந்தச் சூரணமும் இந்தக் கணக்கை மாற்றாது. காலியாகாத மார்பில் சதாவரி போய் என்ன செய்யும்?

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுங்கள். இரவில் இரண்டு முறையாவது இருக்கட்டும், ஏனென்றால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். குழந்தையின் தாடை மார்பில் படிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், காம்பு மட்டுமல்லாமல் கீழ்ப்பக்கக் கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். காம்பு தட்டையாக நசுங்கி, லிப்ஸ்டிக் நுனி போலச் சரிந்து வெளியே வந்தால் பிடிமானம் தவறு.

ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் கொடுத்தபின், கையால் அல்லது பம்பால் 10 நிமிடம் பீய்ச்சுங்கள். இதைக் குறைந்தது 3 நாள் செய்துவிட்டுத்தான் அடுத்த படி. இடையில் "வயிறு நிறையட்டும்" என்று புட்டிப்பால் கொடுத்தால் அந்த வேளைக்கு மார்பு காலியாகாது, அடுத்த வேளைச் சுரப்பு குறையும். மருத்துவர் எடையைப் பார்த்து மேல்பால் எழுதிக்கொடுத்திருந்தால் அதைத் தராமல் விடாதீர்கள். கொடுக்கிற ஒவ்வொரு வேளையும் மார்பையும் பீய்ச்சிவிடுங்கள்.

சாப்பாட்டையும் இங்கேயே சரிசெய்ய வேண்டும். முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. பத்தியம் என்ற பெயரில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மட்டும் போட்டு, தண்ணீரையும் அளந்து கொடுத்துவிட்டு, மேலே லேகியம் உருட்டிக் கொடுப்பதில் பொருளில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம். குடம் குடமாகக் குடித்தாலும் பால் கூடாது.

4. உடம்பில் வேறு காரணம் உண்டா

மூன்று நாள் ஒழுங்காகக் கொடுத்தும் எடை ஏறவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம் கேட்கவேண்டியவை: பிரசவத்தில் அதிக ரத்தம் போனதா, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா, தைராய்டு சரியா, ரத்தசோகை எவ்வளவு, கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா, குழந்தைக்கு நாக்கு ஒட்டியிருக்கிறதா. சளி மாத்திரையையும் பாருங்கள். சூடோஎபெட்ரின் சேர்ந்த மாத்திரை பாலைக் குறைக்கும். ஒரு சிறிய ஆய்வில் 60 மி.கி. ஒரே வேளை எடுத்த தாய்மாருக்கு அன்றைய பால் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது.

5. இப்போது சாப்பிடும் மருந்தோடு ஒத்துப்பாருங்கள்

மாத்திரை அட்டைகளை வரிசையாக வையுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்: வெந்தயம் சர்க்கரையை மேலும் இறக்கும். கருப்பட்டியும் தேனும் சேர்ந்த லேகியம் ஏற்றும். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டால் குளுக்கோமீட்டர் காட்டுவது எதனால் என்று யாருக்கும் புரியாது.

ரத்த அழுத்தம் உள்ளவர்: அதிமதுரம் வேண்டாம். அது அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரசவ லேகியங்கள் பலவற்றில் அதிமதுரம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்: வெந்தயம், பூண்டு மாத்திரை, முருங்கை இலைப் பொடி எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். குழம்பில் போடும் நாலு பல் பூண்டு வேறு, செறிவூட்டிய காப்ஸ்யூல் வேறு.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்: இரும்பு, கால்சியம் சேர்ந்த எதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். அமுக்கராவை (அஸ்வகந்தா) விட்டுவிடுங்கள், அது தைராய்டு அளவை மாற்றக்கூடியது. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. பிரசவம் கழிந்தவர்களுக்கென்று விற்கும் "உடல் தேற்றும்" பொடிகளில் இது அடிக்கடி ஒளிந்திருக்கும்.

பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிடச் சொல்லி அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையோடு, அயச்செந்தூரமோ அன்னபேதிச் செந்தூரமோ தாமாகச் சேர்த்தால் இரும்பு இரட்டிப்பாகும். மலச்சிக்கல்தான் மிச்சம்.

நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம், எல்லாம் ஒரே குடும்பத்துச் செடி. ஆஸ்துமா உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே மறுபடி கருவுற்றவர் மருந்தளவு வெந்தயம் எடுக்கவேண்டாம்.

6. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றுதான். மூன்றை ஒன்றாகத் தொடங்கி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மூன்றையும் நிறுத்த வேண்டிவரும். பால் கூடினால் மூன்றுக்கும் காசு போய்க்கொண்டே இருக்கும்.

*முருங்கைக்கீரை.* தொடங்க இதுதான் நல்லது, ஏனென்றால் எப்படியும் உணவு. ஒரு கைப்பிடி இலையைப் பொரியலாகவோ பருப்போடோ தினம் ஒரு வேளை சேர்த்தால் போதும். பிலிப்பைன்ஸில் காப்ஸ்யூலாகக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் பால் கூடியது. இலை மட்டும்தான், வேரும் பட்டையும் சேரக்கூடாது.

*பூண்டு.* பாலை எவ்வளவு கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் 1991-இல் வந்த ஓர் ஆய்வில், தாய் பூண்டு காப்ஸ்யூல் எடுத்து இரண்டு மணி நேரத்தில் பாலின் வாசனை உச்சத்துக்குப் போனது, குழந்தைகள் அன்று கூடுதல் நேரம் மார்பில் இருந்தன. பூண்டு சாப்பிட்டால் குழந்தை பால் குடிக்காது என்பவர்களுக்கு இது பதில். நாளுக்கு 4 முதல் 6 பல், வேகவைத்தோ பாலில் கொதிக்கவிட்டோ எடுக்கலாம். நெய்யில் ஒரு கிண்ணம் வதக்கித் தின்றால் தாய்க்கு நெஞ்செரிச்சல் வரும்.

*வெந்தயம்.* அதிகம் பேர் நம்புவதும் இதைத்தான், அதிகம் பேர் தடுமாறுவதும் இதில்தான். ஆய்வுகளில் சில பலன் காட்டின, சில காட்டவில்லை. ஒரு தேக்கரண்டி விதை ஏறத்தாழ 4 கிராம். அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, இரவு ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு சாப்பிடுங்கள். மூன்று நாளில் வயிறு ஒத்துழைத்தால் ஒரு தேக்கரண்டி. கால் கப் வெந்தயம் போட்டுக் கிண்டிய களி 40 கிராமைத் தாண்டும். அதை ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் தாய்க்கும் பிள்ளைக்கும் வயிறு போவதைப் "பால் சூடு" என்பார்கள். தாயின் வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு வாசனை அடிப்பது வெந்தயத்தால்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் குழந்தையின் சிறுநீரில் அதே வாசனை வந்தால் மருத்துவரிடம் தாய் வெந்தயம் எடுப்பதைச் சொல்லுங்கள். அதே வாசனை தரும் அரிய பிறவி நோய் ஒன்று உண்டு, சொல்லாவிட்டால் தேடல் அந்தப் பக்கம் போகும்.

*சதாவரி.* தண்ணீர்விட்டான் கிழங்கு. ஓர் ஆய்வில் புரோலாக்டின் கூடியது, இன்னொன்றில் வித்தியாசமே இல்லை. நம்மூரில் எளிதாகக் கிடைக்கும் வழி சதாவரி லேகியம். தமிழக அரசின் அம்மா மகப்பேறு சஞ்சீவித் தொகுப்பிலும் இது இடம்பெற்றது. அளவு, வேளை இரண்டையும் சித்த மருத்துவர் எழுதித் தரட்டும். சீட்டு இல்லாமல் 5 கிராமைத் தாண்டவேண்டாம்.

*சோம்பு, சதகுப்பை.* சமையலில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். கஷாயமாக லிட்டர் கணக்கில் வேண்டாம். சோம்பும் அதிமதுரமும் சேர்ந்த மூலிகைத் தேநீரை நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் குடித்த இத்தாலியத் தாய்மார் இருவரின் பச்சிளங்குழந்தைகள் சோர்ந்து, பால் குடிக்கும் வலுவின்றிப் போனதாக 1994-இல் பதிவு உண்டு. தாய்மார் நிறுத்தியதும் தேறின.

*கற்பூரவள்ளி.* நாம் சளிக்குப் பறிக்கும் இதே இலையை, வட சுமத்திராவின் பத்தாக் பெண்கள் பிரசவம் ஆனதும் பால் ஊறச் சூப்பாக வைத்துக் குடிக்கிறார்கள். நம் வீட்டுத் தொட்டியில் இருந்தும் நமக்குத் தோன்றவில்லை. நாளுக்கு நான்கைந்து இலை ரசத்தில் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

*சுறாப்புட்டு.* புரதம் நல்லது, மீன்தான் சிக்கல். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். பாலூட்டும் தாய்மார் தவிர்க்கவேண்டிய மீன்களில் சுறாவை வைத்திருக்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். புட்டுச் செய்முறை அப்படியே இருக்கட்டும். பூண்டு, வெங்காயம், இஞ்சி போட்டு மத்தியையோ வேறு சிறு மீனையோ உதிர்த்துச் செய்யலாம்.

7. லேபிளைப் படியுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்

பாட்டிலில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த நாள், காலாவதி நாள், ஒவ்வொரு சரக்கின் பெயரும் அளவும், சித்த மருந்தா ஆயுர்வேத மருந்தா என்பதும் இருக்க வேண்டும். உணவாக விற்கும் பொடியென்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கும். "மருத்துவ மேற்பார்வையில் மட்டும்" என்ற எச்சரிக்கை அச்சாகியிருந்தால் உள்ளே நச்சுச் சரக்கு உண்டு என்று பொருள்.

உலோக, தாது மருந்துகளைக் குறிக்கும் பற்பம், செந்தூரம், சுண்ணம், ரசம் (பாதரசம்), பாஷாணம் ஆகிய சொற்கள் தென்பட்டால் கீழே வையுங்கள். ஈயமும் பாதரசமும் பாலில் இறங்கும், வளரும் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. பெயரை வைத்துத் தப்பித்துக்கொள்ளவும் முடியாது: சித்தத்தில் நாக பற்பம் துத்தநாகம், ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் ஈயம். பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவப் பட்டம்) படித்துப் பதிவு பெற்றவர் பார்த்து எழுதினால் ஒழிய உலோக மருந்து பாலூட்டும் காலத்தில் வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் "பிரசவச் செலவு" சாமானை முழுசாக வாங்கி வீட்டில் இடியுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தையைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். இடித்த பொடியில் எது இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

ஹோமியோபதி சொட்டு மருந்தென்றால் அதில் ஆல்கஹால் உண்டு. எடை ஏறாத குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு அதை நம்பிக் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

8. தொடங்குவது, எழுதுவது, நிறுத்துவது

காலை வேளையில் தொடங்குங்கள். ஒவ்வாமை வந்தால் பகலில் தெரியும். நோட்டில் நான்கு பத்தி: எடுத்த பொருளும் கிராமும், பால் கொடுத்த முறை, குழந்தையின் சிறுநீர் மற்றும் மலம், தோலில் தடிப்பு அல்லது வழக்கத்தை மீறிய தூக்கம்.

ஏழு நாள் கழித்து எடை பாருங்கள். 140 கிராமுக்குக் குறையாமல் கூடியிருந்தால், இன்னொரு வாரம் அதே அளவில் போய்விட்டு, மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். கூடவில்லையென்றால் அளவை ஏற்றாதீர்கள். பொருளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பலன் தராத வெந்தயத்தை இரட்டிப்பாக்குவதால் கிடைப்பது இரட்டிப்பு வாயுத்தொல்லை மட்டுமே. பலன் தெரிந்தாலும், பிடிமானத்தையும் பால் கொடுக்கும் முறையையும் அதே வாரம் மாற்றியிருந்தால் பெருமை மருந்துக்குப் போகக்கூடாது.

9. பால் கட்டிக்கொண்டால்

இங்கே தேவை நேர்மாறு. எல்லாச் சுரப்பு மருந்தையும் அன்றே நிறுத்துங்கள். வழக்கம்போலப் பால் கொடுங்கள், கூடுதலாகப் பீய்ச்சவேண்டாம். கொடுக்கும் முன் ஓரிரு நிமிடம் வெந்நீர்த் துணி, கொடுத்தபின் 10 முதல் 20 நிமிடம் குளிர் ஒத்தடம். சீப்பால் சீவுவது, முஷ்டியால் அழுத்தி உருவுவது எல்லாம் உள்ளே வீக்கத்தைக் கூட்டும். விரல் நுனியால் அக்குள் பக்கமாக மெல்லத் தடவினால் போதும்.

முட்டைக்கோஸ் இலை: உப்புத் தண்ணீரில் கழுவி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நடு நரம்பைச் சீவி, காம்புக்கு இடம் விட்டு 20 நிமிடம், நாளுக்கு மூன்று முறை வரை வைக்கலாம். இளகியதும் நிறுத்துங்கள், தொடர்ந்தால் சுரப்பு குறையலாம். வெடித்த தோலில் வைக்கவேண்டாம்.

மல்லிகைச் சரத்தை மார்பில் கட்டுவது பாலை வற்றவைக்கும் நம்மூர் முறை. அதை பால் நிறுத்தும் மாத்திரையான புரோமோகிரிப்டினோடு ஒப்பிட்டு 1988-இல் ஓர் ஆய்வு வந்தது. மாத்திரை புரோலாக்டினைக் கூடுதலாகக் குறைத்தாலும், பாலை நிறுத்துவதில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. ஆகவே பால் கட்டியதற்கு ஆறுதலாக மல்லிகையைக் கட்டவேண்டாம், பால் மறக்கடிக்கும்போது மட்டும். அந்த ஆய்வு மார்பில் கட்டிய பூவைப் பற்றியது, தலையில் வைப்பதைப் பற்றியது அல்ல.

10. காம்பிலும் மார்பிலும் பூசுபவை

காம்பு வெடித்தால் கடைசியில் வரும் பாலைத் தடவிக் காற்றில் உலரவிடுவதே முதல் மருந்து. தேவையென்றால் லானோலின். வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய், கற்றாழை மூன்றும் குழந்தையின் வாய்க்குள் போகும். கற்றாழையின் மஞ்சள் பால் பேதியாக்கும். சில்லறையில் வாங்கும் மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈய குரோமேட் கலப்பது நடப்பதால் அதுவும் வேண்டாம்.

தைலம், பாம், கற்பூர எண்ணெய் எதையும் மார்பிலோ குழந்தைமேலோ பூசாதீர்கள். கற்பூரம் பச்சிளங்குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும்.

11. குழந்தையின் வாயில் எதுவும் வேண்டாம்

தாய் எடுக்கும் மருந்தைப் பார்த்துக் குழந்தைக்கும் "கொஞ்சம்" நாக்கில் தடவுவது உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். உரை மருந்து, வசம்பு, விளக்கெண்ணெய், கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் கிடையாது. தேன் ஒரு வயது வரை கூடாது, அதிலுள்ள பாட்டுலிசக் கிருமி வித்து குழந்தையின் குடலில் முளைத்து உடலைச் செயலிழக்கச் செய்யும். லேகியத்தில் தேன் இருந்தால் தாய் சாப்பிடலாம், விரலை மட்டும் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

12. நோட்டை மூடிவிட்டுக் கிளம்பவேண்டிய நேரம்

குழந்தை: 5-ஆம் நாளுக்குப் பின் 8 மணி நேரம் சிறுநீர் போகாதது, எழுப்பியும் பால் குடிக்காதது, மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவுவது, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல், மலத்தில் ரத்தம்.

தாய்: மார்பில் சிவந்த வலியோடு 24 மணி நேரம் தாண்டிய காய்ச்சல், துர்நாற்ற ரத்தப்போக்கு, தாங்கமுடியாத தலைவலி, கண் மஞ்சள், மருந்து எடுத்தபின் உதடு வீக்கம் அல்லது மூச்சுத்திணறல். "பிள்ளை எனக்கு வேண்டாம்" என்ற பேச்சும் இந்த வரிசையில் சேரும். அதற்கு வீட்டில் பூஜையும் லேகியமும் போதாது.

போகும்போது மருந்துப் பாட்டிலையும் நோட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டுவார்கள் என்று நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். எந்தச் சரக்கு, எத்தனை கிராம், எந்த நாளிலிருந்து என்று தெரிந்தால்தான் எந்தப் பரிசோதனை எடுப்பதென்று மருத்துவருக்குத் தெரியும். இரவு நேரத்தில் போவதா வேண்டாமா என்ற ஐயம் இருந்தால் தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்துக் கேட்கலாம். மூச்சு, வலிப்பு, நினைவிழப்பு என்றால் 108.